வீச்சுவலைக்கு வீட்டில வார்த்த ஈயக்குண்டை கோர்க்கும் மட்டும் எப்பிடி வைக்கிறது? வெள்ளையாப் பூக்குது, பழுதாப் போச்சோ?

பழுதாப் போகேல்லை. பூத்தது மேல்பக்கம்தான், உள்ளுக்கு ஈயம் அப்பிடியே கிடக்கும். ஆனா அந்த வெள்ளைத் தூளை ஊதிப் பாக்கிறது, சாரத்தில துடைக்கிறது, விளக்குமாறால கூட்டித் தள்ளுறது எல்லாத்தையும் இப்பவே நிப்பாட்டுங்கோ, ஏனெண்டு கீழ சொல்லுறன்.

மாரிக்கு முதல் வார்த்து மட்டைப் பெட்டியில போட்டு வைச்சு, வலை பின்னி முடிச்சு தையில எடுத்துப் பாக்க மா தூவின மாதிரி இருக்கு எண்டு எழுதியிருக்கிறியள். பிழை அந்த மட்டைப் பெட்டியிலதான். நான் முள்ளியவளைப் பக்கம், எங்கட வீட்டில வலை பின்னுறதும் ஈயம் வார்க்கிறதும் ஐயான்ர காலத்திலயிருந்து நடக்கிற வேலை, அதால கொஞ்சம் விரிவாவே சொல்லுறன்.

புதுசா வார்த்த ஈயம் பளபளப்பா இருக்கும், பிறகு மங்கிச் சாம்பல் நிறமாகும். அது நல்லதுதான், அந்தப் படை உள்ளுக்கிருக்கிற ஈயத்தைக் காப்பாத்தும். வெள்ளைப் பூ வேற சாமான். அதுக்கு ஈரம் வேணும், காத்தில இருக்கிற காபனீரொக்சைட் வேணும், அதோட கொஞ்சம் அசிட்டிக் அமில ஆவியும் வேணும், வினாகிரியில இருக்கிற அதே அமிலம். வீட்டில ஆர் வினாகிரி ஊத்தினது எண்டு கேப்பியள். மரப்பலகை, பிளைவூட், மட்டை, பழைய பேப்பர் எல்லாம் தன்பாட்டில அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொண்டே இருக்கும், மூடின பெட்டிக்குள்ள அது வெளியில போகாமல் ஈயத்தைப் பிடிச்சுத் தின்னும். முல்லைத்தீவில கோட்டை வைச்சிருந்த ஒல்லாந்தர் இதை ஒரு தொழிலாவே செய்தவை, ஈயத்தகட்டை வினாகிரிச் சட்டிக்கு மேல வைச்சு சுத்திவரச் சாணியைக் குமிச்சு மூடிவிட்டால் சாணிச் சூட்டிலயும் ஆவியிலயும் ஈயம் வெள்ளைத் தூளாப் போகும், அதுதான் அந்தக் காலத்து வெள்ளைப் பெயின்ற். அப்ப மாட்டுக் கொட்டில் ஓரம், கள்ளு முட்டி வைக்கிற மூலை, குசினியில புளிப்பானைக்குப் பக்கம், இதெல்லாம் ஈயம் வைக்கிற இடமில்லை எண்டு விளங்கும்தானே.

எப்பிடி வைக்கிறது எண்டால், வார்த்ததை முதல்ல வடிவா ஆற விடுங்கோ. சூட்டோட மூடியைப் போட்டால் உள்ளுக்கு வேர்த்துப் பிடிக்கும். தண்ணியில போட்டு ஆத்திற ஆக்கள் வெயிலில விரிச்சு, ஓட்டைக்குள்ள இருக்கிற தண்ணியும் காயுமட்டும் விடவேணும். பிறகு மூடி இறுகப் பூட்டுற பிளாஸ்டிக் வாளி, பெயின்ற் வாளி எண்டால் நல்லது, வடிவாக் கழுவிக் காயவிட்டுப் பாவியுங்கோ. இரும்புப் பேணி மாரியில கறள் பிடிக்கும். யோகட் கப், பால்மா ரின், சோடாப் போத்தல் வேண்டாம், சாப்பாட்டுச் சாமான் வந்த ஏனத்தை ஆரோ ஒருத்தர் பிறகு கழுவி உப்புப் போட்டு வைப்பினம்.

பாரத்தையும் யோசிக்க வேணும். ஈயம் தண்ணியை விடப் பதினொரு மடங்கு பாரம், அஞ்சு லீற்றர் வாளியை நிரப்பினால் முப்பது கிலோவைத் தாண்டும், கைபிடி கழண்டு காலில விழும். அதால தட்டில ஏத்தேலாது. நிலத்தில வைச்சால் சின்னப் பிள்ளையளுக்குக் கை எட்டும். சின்னச் சின்ன வாளியாப் பிரிச்சு, பூட்டுப் போடக்கூடிய இரும்புப் பெட்டிக்குள்ள நிலத்தில வைக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி.

சிலபேர் பூக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் பூசுவினம். தேவையில்லாத வேலை, எண்ணெய் சிக்குப் பிடிச்சால் அதில வாற அமிலம் ஈயத்தோட சேர்ந்து ஒரு பசையா நிக்கும், கையிலயும் ஒட்டும். பூசத்தான் வேணுமெண்டால் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி துணியில எடுத்துத் துடைச்சால் காணும். காஞ்ச இடமெண்டால் அதுவும் தேவையில்லை.

இனி பூத்ததை என்ன செய்யிறது. காயக்காய உரசாதேங்கோ, அரத்தாளும் போடாதேங்கோ. வெளியில ஒரு பழைய வாளியில சவுக்காரத் தண்ணி விட்டு, கையுறை போட்டுக்கொண்டு, தண்ணிக்குள்ள வைச்சே பழைய பிரஷால தேயுங்கோ, தூள் பறக்காது. அந்தத் தண்ணியைக் கிணத்தடியிலயோ தோட்டத்திலயோ ஊத்தாமல் தூரத் தள்ளி ஒரு கிடங்கில ஊத்தி மண்ணை மூடுங்கோ. பெட்டி இருந்த நிலத்தை ஈரத்துணியால துடைச்சு துணியை எறியுங்கோ. தேச்சுக் கழுவினாப் பிறகு நல்ல கெட்டியா இருந்தால் தாராளமாக் கோர்க்கலாம். உதிர்ந்து போறதைத் திருப்பி உருக்க யோசிச்சால் ஒரு சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது, உருகின ஈயம் 327 பாகைக்கு மேல, தண்ணி பட்ட உடன ஆவியாகி முகத்துக்கு வெடிச்சுப் பறக்கும்.

ஏன் இவ்வளவு பயப்பிடுத்திறன் எண்டால், அந்த வெள்ளைத் தூள் குண்டை விட மோசம். குண்டு கையில இருந்தால் பெரிசா ஒண்டுமில்லை, தூள் நகத்துக்குள்ள போகும், அதே கையால வெத்திலை மடிச்சால், பிள்ளைக்குச் சோறு தீத்தினால் வயித்துக்குள்ள போச்சுது. சின்னப் பிள்ளையளின்ர உடம்பு பெரியாக்களை விட நாலஞ்சு மடங்கு கூட ஈயத்தை உறிஞ்சும், இரும்புச்சத்துக் குறைஞ்ச பிள்ளைக்கு இன்னும் கூட. இந்தளவு பரவாயில்லை எண்டு ஒரு அளவும் இல்லையெண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. குண்டைப் பல்லால கடிச்சு நூலில இறுக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு, ஒரு குறடு வாங்குங்கோ. முத்தத்தில சிதறின துண்டையும் உடன பொறுக்குங்கோ, கோழி கல்லெண்டு கொத்தி விழுங்கும், பிறகு முட்டையில ஈயம்.

ஈயம் எங்கால எடுத்தது எண்டு நீங்கள் எழுதேல்லை. லான்ட்மாஸ்டர், கார் பற்றறி உடைச்சு எடுத்ததெண்டால் அதை நான் வீட்டுக்குள்ளயே எடுக்கமாட்டன், அசிட்டும் ஈயத்தூளும் சேர்ந்த சாமான் அது. செனகல் நாட்டில தியாரோய் எண்ட இடத்தில பற்றறி ஈயம் எடுத்த மண்ணால 2007 கடைசியிலயும் 2008 தொடக்கத்திலயும் 18 சின்னப் பிள்ளையள் செத்தது.

காணி துப்பரவாக்கேக்க கிடைச்ச துவக்குச் சன்னத்தைப் போட்டு உருக்கினதெண்டால் அது அதைவிடப் பிழை. வன்னி மண்ணில எது வெடிச்சது, எது வெடிக்காதது எண்டு கண்ணால பாத்துச் சொல்லேலாது, சன்னத்தோட வேற சாமானும் கிடக்கும். லாபமும் இல்லை, உந்த ஏகே சன்னம் கனக்க உள்ளுக்கு உருக்குத்தான், ஈயம் மெல்லிய உறை அளவுதான். தொடாமல் அடையாளம் வைச்சுட்டு பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொன்னால் கண்ணிவெடி அகற்றிற ஆக்கள் வந்து எடுப்பினம். வலைக்கு ஈயம் வலைக்கடையில கிலோக்கணக்கில இருக்கு, ஓட்டையோட வார்த்தே விக்கினம். ஜப்பான் மீனுக்கு, அதான் திலாப்பியாவுக்கு, குளத்தில வீசுறதுக்கு அது வடிவாக் காணும்.