ஊர் காணாமல் போகும் இடம்

உங்கள் கதையில், விவாகரத்துக்குப் பின் கோவில்பட்டிக்குத் திரும்பும் நாயகி பழைய காதலனோடு சேரும் முடிவு ஏன் ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். காதலில் குறையில்லை, பாதிக் கதைக்குமேல் ஊரையே காணோம். அப்பாவின் கடலைமிட்டாய்க் கடையை அவள் பொறுப்பில் விடுங்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், ஊருக்கே அதில் உரிமை உண்டு! வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்கவேண்டும். அந்தப் பதத்தை, அவளைப் பற்றிப் புறம்பேசிய பக்கத்து வீட்டு அக்காவே கற்றுக்கொடுக்கட்டும். பழைய காதலன் கடலை மூட்டை இறக்க வந்துபோகட்டும். அவன் மாறியிருப்பதை முதலில் ஊர் கவனிக்கட்டும், கடைசியாக அவள். மழையில் வரும் அந்தச் சமாதானக் காட்சியைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.