வாசகர் கேள்வி–பதில்: இன்வெர்ட்டருக்குச் சோடியம் பேட்டரி போடலாமா?

கேள்வி: வீட்டில் 48 வோல்ட், 5 கிலோவாட் ஹைபிரிட் சோலார் இன்வெர்ட்டர் இருக்கிறது. நான்கு லெட்-ஆசிட் பேட்டரிகளும் படுத்துவிட்டன. லித்தியத்துக்குப் பதில் சோடியம்-அயன் போட்டால் மலிவாக முடியும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் இன்வெர்ட்டர் கையேட்டில் பேட்டரி வோல்டேஜ் எல்லை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 48 வோல்ட் மாடல்கள் பலவற்றில் 40 முதல் 60 வரை இருக்கும். சிக்கலே அங்கேதான்.

வீட்டு லித்தியம் பேட்டரி இன்று பெரும்பாலும் எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். செல்லுக்கு 3.2 வோல்ட், 16 செல் தொடரில் 51.2. சார்ஜ் பெரும்பகுதி தீரும்வரை வோல்டேஜ் அதிகம் அசையாது. சோடியம் செல் அப்படியில்லை. முழுச் சார்ஜில் 4 வோல்ட்டை ஒட்டி நிற்கும். காலியாகக் காலியாக 1.5 வரை சரிந்துகொண்டே போகும். 16 செல் போட்டால் மேலே 64, கீழே 24. 64-ஐ இன்வெர்ட்டர் தாங்காது. 15 செல் போட்டால் மேல்முனை 60-க்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு செல்லிலும் 2.67 வோல்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் கட் ஆகிவிடும். அடியில் தங்கும் சார்ஜும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான்.

30 வோல்ட் வரை இறங்கும் இன்வெர்ட்டரே கிடைத்தாலும் கேபிளைக் கவனிக்க வேண்டும். 3000 வாட் லோடுக்கு 52 வோல்ட்டில் சுமார் 58 ஆம்பியர் ஓடும். 30 வோல்ட்டில் 100. கரண்ட் 1.7 மடங்கானால் கேபிளில் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோகக் கொண்டி) சரியாகக் கிரிம்ப் ஆகாத, அதாவது இறுக்கி அழுத்தப்படாத முனையில்தான் இன்சுலேஷன் முதலில் கருகும்.

‘சோடியம் மலிவு’ என்பது பழைய கணக்கு. 2022 கடைசியில் சீனாவில் லித்தியம் கார்பனேட் டன் சுமார் 6 லட்சம் யுவானுக்கு ஏறியிருந்தது. 2024-இல் 1 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. எல்எஃப்பி செல் விலையும் கூடவே இறங்கியது. கடைக்காரர் சொல்லும் விலையை, உங்கள் இன்வெர்ட்டரால் உண்மையில் எடுக்க முடிகிற யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். இப்போதைக்கு உங்களுக்கு எல்எஃப்பிதான் சரி. அதைப் போடும்போது லெட்-ஆசிட்டுக்காக வைத்திருந்த ‘ஈக்வலைஸ்’ (அவ்வப்போது கூடுதல் வோல்டேஜில் சார்ஜ் செய்யும்) அமைப்பை அணைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: இருக்கும் எல்எஃப்பி பேட்டரியோடு ஒரு சோடியம் பேட்டரியை இணையாகச் சேர்க்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடவே கூடாது. எல்எஃப்பி 52 வோல்ட்டில் நிற்க, காலியான சோடியம் 40-இல் கிடந்தால், இணைத்த நொடியிலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரண்ட் பாயும். பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) கட் பண்ணினால் தப்பித்தீர்கள்.

கேள்வி: ஊட்டியில் ஜனவரிக் குளிருக்கு லித்தியத்தைவிடச் சோடியம் நல்லது என்கிறார்களே? தீயும் பிடிக்காதாமே?
– வாசகர், உதகை

பதில்: குளிர் விஷயம் உண்மை. 0 டிகிரிக்குக் கீழே எல்எஃப்பியைச் சார்ஜ் செய்தால் லித்தியம் செல்லின் எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படியும். அந்தக் கொள்ளளவு திரும்பாது. சோடியம் மைனஸ் 20-இலும் வேலை செய்யும். ஆனால் உங்கள் பேட்டரி வீட்டுக்குள் இருக்கிறது, சோலார் சார்ஜ் ஏறுவதோ வெயில் வந்த பிறகு. அதற்காக வேதியியலையே மாற்ற வேண்டியதில்லை. குளிரில் சார்ஜைத் தடுக்கும் பிஎம்எஸ் இருந்தால் போதும்.

தீப்பிடிக்காது என்பது விற்பனைப் பேச்சு. வழக்கமான சோடியம் செல்லுக்குள்ளும் எரியக்கூடிய கரிமக் கரைப்பான்தான் இருக்கிறது. நிஜமான பாதுகாப்பு வேறிடத்தில்: சோடியம் அலுமினியத்தோடு கலப்பதில்லை என்பதால் இரு முனைக்கும் அலுமினியத் தகடே போதும். எல்எஃப்பியில் ஒரு முனைக்குத் தாமிரம் வேண்டும். செல்லை அடியோடு வடியவிட்டால் அந்தத் தாமிரம் கரைந்துவிடும். சோடியம் செல்லை 0 வோல்ட்டுக்கு இறக்கியே லாரியில் ஏற்றலாம்.