வீட்டுப் பத்திரமா, இறையியல் உதவித்தொகையா?

சென்ற வாரம் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கமிருந்து ஒரு தகப்பனாரும் தாயாரும் மலையிறங்கிச் சேலம் வந்து என்னைப் பார்த்தார்கள். அவருக்குக் காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை. சொந்தமாக ஒரு வீடும், மிளகுக்கொடி ஏறிய சிறு நிலமும் உண்டு. மகள் பி.ஏ. தமிழ் முடித்துவிட்டாள். மதுரையில் பி.டி. என்னும் கிறித்தவ இறையியல் பட்டம் படிக்க, நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் ஏற்றுக்கொள்ளும் உதவித்தொகைக் கடிதம் அவளுக்கு வந்திருக்கிறது. அதற்குள் சித்தப்பாவும் அத்தையும் கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. இடத்துக்குப் பேசிவிட்டார்கள், செலவு ஒன்பது லட்சம். "பெண்பிள்ளை வேதம் படித்து என்ன ஆகப்போகிறாள்?" என்பதுதான் வீட்டில் நாள்தோறும் எழும் கேள்வியாம்.

அன்று தாயார் அழுததால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று பிறகு தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

ஐயா, முதலில் பணம். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் கேட்டால் வங்கிகள் வழக்கமாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். உங்கள் வீட்டில் அதற்கு இருப்பது வீட்டுப் பத்திரம் ஒன்றுதான். மகள் கேட்காத படிப்புக்காக அதை வங்கியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். தவணை கட்டும் நாளில் சித்தப்பா வந்து நிற்கமாட்டார். எம்.பி.ஏ.வைப் பற்றி நான் இதற்குமேல் பேசப்போவதில்லை. அதைப் பேச ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள்.

பி.டி. என்றால் நாலு ஜெபமும் பத்துப் பாட்டும் என்று உங்கள் உறவினர்கள் நினைப்பதாகத் தெரிகிறது. இப்பட்டத்தை வழங்குவது வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரியின் பேரவை. 1818-ல் வில்லியம் கேரியும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய அக்கல்லூரிக்கு, அவ்வூர் அப்போது டென்மார்க் வசம் இருந்ததால், 1827-ல் டென்மார்க் அரசர் அளித்த சாசனத்தின் வழியாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் வந்தது. பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, எபிரேயம் அல்லது கிரேக்கம், திருச்சபை வரலாறு, பிற சமயங்கள், சமூக ஆய்வு, பெண்ணியல், ஆற்றுப்படுத்தல் என்று பாடங்கள் விரிகின்றன. வார இறுதிகளில் ஏதாவது ஒரு சபையில் களப்பணியும் உண்டு. பெங்களூரிலும் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலும் உள்ள கல்லூரிகளில் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும். மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலோ தமிழிலேயே படிக்கலாம். தமிழ் இலக்கியம் படித்த பெண்ணுக்கு இது சிறிய சலுகையல்ல. தரங்கம்பாடியில் 1715-ல் அச்சாகி முடிந்த, ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டிலிருந்து இன்று கோவிலில் வாசிக்கும் வேதாகமம் வரை, ஒரு சொல் ஏன் மாறியது, அந்த மாற்றம் கேட்பவருக்கு எதைக் கூட்டியது, எதைக் குறைத்தது என்று ஆராய, மூலமொழியும் தமிழும் ஒருசேரத் தெரிந்தவர்கள் வேண்டும். பி.டி.க்குப் பின் இரண்டு ஆண்டு எம்.டிஎச். என்னும் இறையியல் முதுநிலைப் படிப்பை முடித்தால் இறையியல் கல்லூரிகளில் ஆசிரியப் பணிக்கு வழி திறக்கும்.

சபையில் பெண்ணுக்கு என்ன இடம் என்று அத்தை கேட்கிறார். தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தது. 2013-ல் ஆந்திரத்து நந்தியால் திருமண்டலத்தில் (பல சபைகள் அடங்கிய ஆட்சிப் பகுதி அது) புஷ்பலலிதா அம்மையார் அதன் தலைவராகிய பேராயரானார். அந்தக் காலத்து வேதாகமப் பெண்கள் வீடு வீடாகச் சென்று எழுத்தும் வேதமும் கற்பித்தார்கள். பிரசங்க பீடம் அவர்களுக்கு எட்டவில்லை. உங்கள் மகள் ஓய்வுநாள் பாடசாலையில் ஆறு ஆண்டுகளாகச் செய்துவருவதும் கற்பிக்கும் பணிதான். கணவரின் குடியைப் பற்றியோ, கலைந்த கருவைப் பற்றியோ ஒரு பெண், சபைக் குருவான ஆண் ஆயரிடம் சொல்லத் தயங்குவதை எல்லாச் சபைகளிலும் காணலாம். அந்தத் தயக்கத்தைத் தாண்டிக் கேட்கத் தெரிந்தவர், அதைக் கேட்ட பின்பு ஞாயிறன்று பீடத்தில் என்ன பேசவேண்டும் என்றும் அறிவார். (ஆயரம்மா என்றால் ஆயரின் மனைவி என்றே நம் நாக்கு பழகிவிட்டது. பெண்ணே ஆயராக வரும்போது எப்படி அழைப்பது என்று மூப்பர்களே விழிக்கிறார்கள்.)

இனி நீங்கள் பார்க்கவேண்டியது கடிதத்தின் உள்விவரம். உதவித்தொகை கிடைப்பதும் குருப்பணிக்கென்று திருமண்டலத்தின் வேட்பாளராக அனுப்பப்படுவதும் வேறு வேறு. சேலமும் ஏற்காடும் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தில் அடங்கியவை. உங்கள் வட்டாரச் சபைகளின் நிர்வாகக் குழுவான சேகரக் கமிட்டி பரிந்துரைத்து, திருமண்டலம் நேர்காணல் செய்து தேர்ந்தெடுத்து அனுப்பினால்தான் குருத்துவப் பாதை தெளிவாக இருக்கும். தனிப்பட்ட முறையில் சேர்ந்தால் பட்டம் கிடைக்கும். பணி நியமனத்துக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். ஆகவே பணம் தருபவர் யார், படித்த பின் எத்தனை ஆண்டு அவர்களிடம் உழைக்கவேண்டும், இடையில் நின்றால் தொகையைத் திருப்பிக் கட்டவேண்டுமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பெட்டி கட்டவேண்டாம்.

குறைகளையும் மறைக்கமாட்டேன். ஆயரின் சம்பளம் பெரிதல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வரும். பி.டி.யைக் காட்டி அரசுப் பள்ளி ஆசிரியராக முடியாது. அதற்கு அவளுடைய பி.ஏ.வுடன் பி.எட். வேண்டும், அதைப் பின்னாலும் படிக்கலாம். மாற்றலாகிப் போகும் மனைவியோடு வாழ ஒப்புகிற மாப்பிள்ளை கிடைப்பாரா என்று தாயார் கேட்டார். தேடல் கொஞ்சம் நீளலாம், அம்மா. அதற்காக எம்.பி.ஏ. படிக்கவைப்பது மருந்தாகாது.

ஒன்றை மட்டும் நான் இன்னும் அறியேன். அன்று ஒரு மணி நேரம் நீங்கள் இருவரும் பேசினீர்கள், மகள் வரவில்லை. அவள் மனம் பீடத்தை நாடுகிறதா, வகுப்பறையை நாடுகிறதா, அல்லது ஊரைவிட்டு வெளியேற ஒரு வழியாக மட்டும் இதைப் பார்க்கிறாளா என்பதை அவள் வாயால் கேட்கவேண்டும். கடைசிக் காரணம் என்றால் இந்த உதவித்தொகையையும் வேண்டாம் என்றே சொல்வேன். வருகிற சனிக்கிழமை அந்தக் கடிதத்தோடு அவளை அனுப்புங்கள். நீங்கள் வெளியே திண்ணையில் இருக்கலாம். அதுவரை வங்கிப் படிவம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.