ஆறு டெஸ்க்டாப் வேண்டாம், மூன்று போதும்

வணக்கம். சிங்கப்பூரின் பொங்கோல் பகுதியில் உள்ள உங்கள் வீட்டிலிருந்தே பகலில் அலுவலக வேலை, மாலையில் இணையவழித் துணைப்பாட வகுப்பு. விண்டோஸ் 11இல் ஆறு டெஸ்க்டாப் (ஒரே கணினியில் வேலைகளைப் பிரித்து வைக்கும் தனித்தனித் திரைகள்) உருவாக்கியும் எது எங்கே என்று புரியவில்லை, மறுதொடக்கம் செய்தால் எல்லாம் முதல் டெஸ்க்டாப்பில் குவிகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

குவிவது உங்கள் பிழையன்று. டெஸ்க்டாப்புகளும் அவற்றின் பெயர்களும் நிலைத்திருக்கும். சாளரங்கள் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. அதனால் நான் கணினியை அணைக்காமல் ஸ்லீப்பில் (உறக்க நிலையில்) விடுகிறேன்.

ஆறு அதிகம். அலுவலகம், வகுப்பு, வீடு போதும். விண்டோஸ் விசையுடன் டேப் விசையை அழுத்தி, டெஸ்க்டாப்பின் மீது வலச்சொடுக்கினால் பெயரையும் வால்பேப்பரையும் தனித்தனியே மாற்றலாம். பெயரைவிடப் படமே உதவும். எனக்கு அலுவலகம் வெறும் சாம்பல் நிறம், வீடு தேக்கா சந்தையின் படம்; கண் பட்டதுமே இடம் தெரிந்துவிடும். கண்ட்ரோல், விண்டோஸ் விசைகளுடன் இட, வல அம்புகளை அழுத்தினால் தாவலாம்.

வகுப்பில் முழுத் திரையைப் பகிராதீர்கள். டெஸ்க்டாப் மாறினால் மாணவர்களுக்கும் அது தெரியும். என் மளிகைப் பட்டியலை ஒருமுறை கூட்டமே படித்தது! பாடச் சாளரத்தை மட்டும் பகிருங்கள்.