டாரில் காய்ச்சல் வந்தாலே மலேரியாவா?

கேள்வி: தான்சானியாவின் டார் எஸ் சலாமில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஐந்து முறை காய்ச்சல் வந்தது. ஐந்து முறையும் பக்கத்து கிளினிக்கில் மலேரியா என்றுதான் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு முறை ரத்தம்கூட எடுக்கவில்லை. அடுத்த மாதம் மனைவியும் நான்கு வயது மகளும் இங்கே வருகிறார்கள். இந்த ஊரில் காய்ச்சலோடு வருபவர்களில் உண்மையில் எத்தனை பேருக்கு மலேரியா இருக்கும்? ஒவ்வொரு முறையும் மாத்திரை போட்டுக்கொள்வது சரியா?

பதில்: உங்கள் ஊரில் காய்ச்சலோடு கிளினிக்குக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மலேரியா இருக்காது. உங்களுடைய ஐந்தில் ஒன்றிரண்டு உண்மையாக இருந்திருக்கலாம். ஐந்துமே மலேரியா என்பதை நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

2008-ல் டாரிலும் இஃபகாரா என்ற சிற்றூரிலும் காய்ச்சலோடு புறநோயாளியாக வந்த 1005 குழந்தைகளை ஒவ்வொருவராகத் துருவிப் பரிசோதித்தார்கள். மலேரியா இருந்தது 10.5 சதவீதம் பேருக்கு. 62 சதவீதம் பேருக்கு இருந்தது சளி, இருமல் மாதிரியான மூச்சுப்பாதைத் தொற்று. அதிலும் பெரும்பகுதி வைரஸ், தானாக ஆறிவிடும் வகை. மீதியில் வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று, டைபாய்டு என்று பல இருந்தன. ஆப்பிரிக்கா முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே திசைதான் தெரிந்தது. காய்ச்சல்காரர்களில் மலேரியா கிருமி இருந்தவர்களின் பங்கு 2000-க்கு முன் நடுவளவாக 44 சதவீதம், அதற்குப் பின் 22 சதவீதம்.

நகரத்துக்கு நகரம் இது நிறைய மாறும். கென்யாவின் நைரோபி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே மலேரியா பரவுவது மிகக் குறைவு. அங்கே மலேரியாவோடு வருபவரிடம் கேட்டால், விக்டோரியா ஏரிக்கரைப் பக்கம் போய் வந்ததாகச் சொல்வார். புர்கினா ஃபாசோவின் தலைநகர் உவாகாடூகுவில் மழைக்காலத்தில் நிலைமை வேறு, மலேரியா அதிகம். ஒரே டாருக்குள்ளேயே நகர மையத்தில் குறைவு. தண்ணீர் தேங்கும் ஓரப் பகுதிகளிலும் கீரைப் பாத்திகள் இருக்கும் பள்ளத்தாக்குகளிலும் அதிகம். மார்ச் முதல் மே வரையிலான பெருமழையை ஒட்டிக் கூடும், வறண்ட மாதங்களில் இறங்கும்.

அப்படியென்றால் ஏன் எல்லோருக்கும் மலேரியா என்கிறார்கள்? பழக்கம் ஒரு காரணம். பல வருடங்களாகக் காய்ச்சல் என்றால் மலேரியா மாத்திரை கொடு என்பதே மருத்துவ விதியாக இருந்தது. பரிசோதித்து உறுதி செய்த பிறகே மாத்திரை என்று எல்லா வயதினருக்கும் உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2010-ல்தான். இன்னொரு காரணம் ஸ்லைடு, அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமிட்டுப் பார்க்கும் சோதனை. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கவனியுங்கள். 100 காய்ச்சல்காரர்கள், அதில் 5 பேருக்குத்தான் மலேரியா என்று வைத்துக்கொள்வோம். லேப்பில் ஒரே ஆள் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடு பார்க்கிறார். சாயத் துகளைக் கிருமி என்று எண்ணி, கிருமி இல்லாத ஐந்து பேரில் ஒருவருக்கு பாசிட்டிவ் எழுதிவிடுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 95-ல் 19 பேருக்குத் தவறான பாசிட்டிவ். உண்மையான 5-ஐயும் சேர்த்து பாசிட்டிவ் 24. அதில் 19 பொய்! நோய் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்கு பாசிட்டிவ் என்ற சொல்லின் மதிப்பு குறையும்.

இதில் என்ன கெடுதல், மாத்திரைதானே என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி அது. வடகிழக்குத் தான்சானியாவில் தீவிர மலேரியா என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு சிகிச்சை பெற்றவர்களை ஒரு ஆய்வில் சோதித்தார்கள், 2004-ல் வெளியானது. அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களின் ரத்தத்தில்தான் கிருமி இருந்தது. கிருமி இல்லாதவர்கள்தான் அதிக விகிதத்தில் இறந்தார்கள். பாக்டீரியாத் தொற்று இருந்திருக்கக்கூடிய அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆன்டிபயாட்டிக் போய்ச் சேரவில்லை. மலேரியா என்று பெயர் வைத்ததும் தேடுவது நின்றுவிடுகிறது.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? காய்ச்சல் வந்த அன்றே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு துளி ரத்தத்தில் பார்க்கும் ரேபிட் டெஸ்ட் எங்கும் கிடைக்கும், கால் மணி நேரத்தில் முடிவு தெரியும். அதோடு ஸ்லைடும் பார்த்து, கிருமி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று கவனம்: மலேரியா குணமான பிறகும் சில வாரங்கள் ரேபிட் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டலாம். போன மாதம் சிகிச்சை எடுத்திருந்தால் ஸ்லைடுதான் கணக்கு.

நான் மேலே சொன்னதை வைத்து 'இங்கே மலேரியா குறைவு, பார்த்துக்கொள்ளலாம்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். சிறு வயதிலிருந்து மலேரியாப் பகுதியில் வளர்ந்த பெரியவர்களுக்கு உடம்பில் ஓரளவு தடுப்பு சக்தி இருக்கும், கிருமி இருந்தும் நடமாடுவார்கள். உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் அது கிடையாது. அங்குள்ள ஃபால்சிபாரம் வகை இரண்டு மூன்று நாளில் ஆளை வீழ்த்திவிடும். அதனால் முதல் டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும் காய்ச்சல் விடவில்லை என்றால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பாருங்கள். குழப்பம், அடங்காத தூக்கம், வலிப்பு, மூச்சிரைப்பு, மஞ்சள் கண், கறுத்த சிறுநீர், குழந்தை எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சின்ன கிளினிக் வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரி.

பாசிட்டிவ் உறுதியானால் ஆர்டிமெதர்-லூமிபான்ட்ரின் மாத்திரை. பெரியவருக்கு ஒரு வேளைக்கு 4, மூன்று நாளில் ஆறு வேளை, மொத்தம் 24. பால் அல்லது கொஞ்சம் எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு போடுங்கள், அப்போதுதான் மருந்து ஒழுங்காக உடம்பில் ஏறும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதீர்கள். மகளுக்கு எடையைப் பார்த்து டாக்டர் சொல்லும் அளவு.

நெகட்டிவ் என்றால் டெங்குவையும் கேளுங்கள். டாரில் 2014-லும் 2019-லும் பெரிதாகப் பரவியது. அது தெளியும் வரை ஆஸ்பிரின், ஐபுபுரூபன் வேண்டாம், பாராசிட்டமால் போதும். அப்புறம், டைபாய்டுக்கான ஒற்றை விடால் ரத்த டெஸ்டைக் காட்டி 'மலேரியாவும் டைபாய்டும் சேர்ந்து' என்று சொன்னால் அதை அப்படியே ஏற்காதீர்கள். முடிந்தால் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள்.

மனைவியும் மகளும் கிளம்பும் முன் ஊரிலேயே டாக்டரைப் பார்த்து மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றிப் பேசட்டும். மனைவி கர்ப்பமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். வீட்டில் மருந்து தோய்த்த வலைக்குள் தூங்குங்கள், மலேரியா கொசு கடிப்பது பெரும்பாலும் இரவில்தான். விடுமுறைக்கு ஊருக்கு வந்து மூன்று மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டாக்டரிடம் முதல் வாக்கியமாக 'தான்சானியாவிலிருந்து வந்திருக்கிறோம்' என்று சொல்லுங்கள்.