“நம் மக்களையே சுடச் சொன்னால்?” என்று கேட்கும் பையனை ராணுவத்துக்கு அனுப்பலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகன், ராணுவ அதிகாரியாவதற்கான தேசியப் பாதுகாப்பு அகாடமியின் (என்.டி.ஏ.) தேர்வு எழுத ஆசைப்படுகிறான். பயிற்சி வகுப்பில், “அரசாங்கம் நம் மக்களையே சுடச் சொன்னால் என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறான். “இப்படிக் கேட்கிறவன் தேற மாட்டான்” என்று சொல்லி ஆசிரியர் உட்கார வைத்துவிட்டார். வீட்டில், முன்னாள் சுபேதாரான தாத்தா, “ஆர்டர்னா ஆர்டர்தான்” என்கிறார். பையன் வேலையில் சேர்ந்து சிறைக்குப் போய்விடுவானோ என்று நீங்கள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள்.

அவன் கேட்டதில் துளியும் தேசத்துரோகம் இல்லை. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41-வது பிரிவைப் பாருங்கள். மேலதிகாரியின் கட்டளையை வேண்டுமென்றே எதிர்த்து மீறினால் 14 ஆண்டு வரை சிறை என்கிறது. கடுமையான பிரிவுதான். ஆனால் அங்கே வெறுமனே ‘கட்டளை’ என்று இல்லை, ‘சட்டப்படியான கட்டளை’ என்று இருக்கிறது. உங்கள் மகனின் கேள்விக்கான இடம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

தாத்தாவிடம் அவருடைய கசம் பரேடு பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்த அன்று புனித நூலைத் தொட்டுச் சொன்ன உறுதிமொழி அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும். அது ஆளும் கட்சிக்கோ பிரதமருக்கோ சொன்னதல்ல. இந்திய அரசியலமைப்புச் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று தொடங்குவது. உயிருக்கு ஆபத்து வந்தாலும் குடியரசுத் தலைவரின் கட்டளைக்கும் மேலதிகாரிகளின் கட்டளைக்கும் கீழ்ப்படிவேன் என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. எது முன்னால் வருகிறது என்பதை அவரே பேரனுக்குச் சொல்லட்டும்.

1919 ஏப்ரல் 13, ஜாலியன் வாலாபாக். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயர் உத்தரவிட்டார், சிப்பாய்கள் 1,650 ரவுண்டு சுட்டார்கள். அரசுக் கணக்கிலேயே 379 பேர் செத்தார்கள். சுட்டவர்களும் இந்த மண்ணில் எடுத்த படைதான். பதினோரு ஆண்டு கழித்து, 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவர் கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் ஆயுதமில்லாத கூட்டத்தின் முன் கார்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவு ஒன்று நிறுத்தப்பட்டது. அந்தப் படையிலிருந்த சந்திர சிங் கார்வாலியும் அவருடைய ஆட்களும் சுட மறுத்தார்கள். அவருக்கு ஆயுள் தண்டனை. 1941-இல்தான் வெளியே வந்தார். இதைப் பையனிடம் சொல்லும்போது சிறைக் கணக்கை மறைக்க வேண்டாம். அன்று அவர்கள் உறுதிமொழி எடுத்தது அந்நிய மன்னருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்றைக்கு நடைமுறை என்ன? கலவரம் என்றால் முதலில் இறங்குவது போலீஸ். அவர்களால் முடியாதபோது மாவட்ட ஆட்சியர் போன்ற நிர்வாக நடுவர் ராணுவத்தைக் கூப்பிடலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 149-வது பிரிவு, கூட்டத்தைக் கலைக்கத் தேவையான மிகக் குறைந்த பலத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், உயிருக்கும் உடைமைக்கும் முடிந்த அளவு குறைந்த சேதமே வர வேண்டும் என்று சொல்கிறது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் இருக்கும் பகுதிகளில் கதை வேறு. அங்கே அதிகாரம் அதிகம், மத்திய அரசின் அனுமதியில்லாமல் வழக்கு நடத்த முடியாது. அப்படிப்பட்ட பகுதியான மணிப்பூரைப் பற்றிய வழக்கிலும்கூட, அளவுக்கு மீறிப் பலத்தைப் பயன்படுத்தியவருக்கு முழு விலக்கு கிடையாது என்று 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு நம்பிக்கை தரும் தீர்ப்பு அது.

சீருடை போட்டால் அவனுடைய உரிமைகளில் சில போகும். அதையும் அவன் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். அரசியலமைப்பின் 33-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. கட்சியில் சேர முடியாது, சங்கம் வைக்க முடியாது, அனுமதியில்லாமல் பத்திரிகைக்குப் பேச முடியாது. ராணுவம் அரசியலில் இறங்கிய நாடுகளில் மக்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், இது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. தபால் ஓட்டு உண்டு. வேலையில் அநியாயம் நடந்தால் மேலே முறையிடலாம், அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலேயே அதன் அமர்வு உண்டு.

எழுத்துத் தேர்வுக்குப் பின் வரும் எஸ்.எஸ்.பி. என்ற அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணலில் இந்தக் கேள்வி வந்தால் மனப்பாட பதில் வேண்டாம். சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படிவேன், சந்தேகம் வந்தால் அதே இடத்தில் அதிகாரியிடம் தெளிவு கேட்பேன் என்று நேராகச் சொல்லட்டும். ஐந்து நாள் கூடவே வைத்துப் பார்ப்பவர்கள் முன்னால் நடிப்பு நிற்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது. என்.டி.ஏ.வுக்கு வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரைதான். கிடைக்கவில்லை என்றால் ஐந்தாண்டு சட்டப் படிப்பு படிக்கலாம். 55 சதவீத மதிப்பெண் எடுத்தால், 21 முதல் 27 வயதுக்குள் ராணுவத்தின் சட்டப் பிரிவான ஜே.ஏ.ஜி.க்கு விண்ணப்பிக்கலாம். படை நீதிமன்றங்களிலும், ஓர் உத்தரவு சட்டப்படி சரியா என்று தளபதிக்கு ஆலோசனை சொல்வதிலும் அவர்களுக்குத்தான் வேலை. பயிற்சி சென்னை பரங்கிமலையில். இந்தப் பையனுக்கு அது பொருந்தும் என்று என் மனசு சொல்கிறது. ஆனாலும் முதலில் அவன் ஆசைப்படி என்.டி.ஏ. எழுதட்டும்.

பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒரு சனிக்கிழமை அவனை அழைத்து வாருங்கள். கணக்கில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எழுத்துத் தேர்வில் 900-க்கு 300 அதற்குத்தான். முடிந்தால் தாத்தாவும் வரட்டும்.