மீட்டரையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த 1980-களின் பெரிய ஹோண்டா பைக் ஒன்று எங்கள் தோட்டத்துச் சாளையில் நிற்கிறது. ஓடுகிறது, ஆனால் மூன்று மாதமாகப் பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒன்றாகச் சேர்ந்து ஏறி நிற்கின்றன, ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்னும் ஏறுகின்றன. மெக்கானிக் மீட்டர் போர்டு முழுவதும் போய்விட்டது, வெளியூரிலிருந்து பழையது ஒன்று வரவழைக்கலாம், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?
பொள்ளாச்சி வாசகர்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் தம்பி. நீங்கள் எழுதியதில் பாதி பதில் இருக்கிறது. இரண்டு முள்ளும் ஒன்றாகச் சேர்ந்து ஏறுகின்றன என்றீர்களே, அதுதான் விஷயம். பெட்ரோல் டேங்கில் மிதக்கிற மிதவைக்கும் இன்ஜினில் இருக்கிற சூட்டு சென்சருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி கெட்டுப்போவது அபூர்வம். இரண்டு மீட்டருக்கும் பொதுவாக இருப்பது கரண்ட் வருகிற வழி ஒன்றுதான். அந்த வழியில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்து ஹோண்டா பலவற்றில் அது வண்டியின் 12 வோல்ட்டை 7 வோல்ட்டாகக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும்.

ஏன் குறைக்க வேண்டும் என்றால், இந்த முள்களுக்குப் பின்னால் இருப்பது இரட்டை உலோகப் பட்டை, அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள். சுருள் சூடானால் பட்டை வளையும், முள் நகரும். (சாவி போட்டதும் முள் துள்ளாமல் மெதுவாக ஏறுவது அதனால்தான்.) வண்டி நிற்கும்போது 12 சொச்சம், ஓடும்போது 14 வோல்ட் என்று மாறிக்கொண்டே இருந்தால் டேங்கில் பெட்ரோல் அதேதான், ஆனால் முள் ஆடும். அதற்காகத்தான் எப்போதும் ஒரே 7 வோல்ட். இப்போது உங்கள் ரெகுலேட்டர் வேலை செய்யாமல் வந்த கரண்ட்டை அப்படியே உள்ளே விடுகிறது. இதோடு ரொம்ப நாள் ஓட்டினால் அந்தச் சுருள் எரிந்துபோகும், அப்புறம் மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும். அதனால் சரிசெய்யும் வரை அந்த இணைப்பைக் கழற்றி வையுங்கள்.

கடையில் காசு கொடுப்பதற்கு முன்னால் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், சாதாரணமானதே போதும். முதலில் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.5-ஐ ஒட்டி, ஓடும்போது பதிமூன்றரையிலிருந்து பதினாலரைக்குள் இருக்க வேண்டும். ரேஸ் கொடுத்தால் 15-ஐத் தாண்டுகிறது என்றால் குற்றவாளி வேறு, அது ஆர்.ஆர். யூனிட் (பேட்டரிக்குப் போகிற சார்ஜை அளவோடு நிறுத்துகிற ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்), சார்ஜிங் சமாச்சாரம், அதை முதலில் மாற்றுங்கள். பேட்டரியில் சரியாக இருந்தால் மீட்டர் ரெகுலேட்டருக்கு வாருங்கள். மூன்று ஒயர் இருக்கும். ஹோண்டாவில் கறுப்பு சாவி வழியாக வரும் 12 வோல்ட், பச்சை எர்த், மிச்சம் இருப்பது வெளியே போகிற 7. வெளியே போகிற ஒயரில் 7-க்குப் பதில் 12, 13 காட்டினால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இல்லை, இன்னும் ஒன்று பாக்கி. ரெகுலேட்டரைத் தூக்கி எறிவதற்கு முன்னால் அந்தப் பச்சை ஒயர் போய்ச் சேருகிற இடத்தைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். எர்த் விட்டுப்போன ரெகுலேட்டரும் முழு வோல்ட்டேஜை அப்படியே வெளியே விடும். நாற்பது வருட வண்டி, எத்தனை மழை பார்த்திருக்கும். தேய்த்ததும் 7 வந்துவிட்டால் செலவு உப்புத்தாள் காசு மட்டும்தான், மெக்கானிக்கிடமும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வரவில்லை என்றால் நாமே செய்துகொள்ளலாம். கோவையில் காந்திபுரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகளில் 7805 என்று கேளுங்கள், மூன்று கால் வைத்த கறுப்பு ஐ.சி. அது 5 வோல்ட் கொடுக்கும். நமக்கு வேண்டியது 7. அதற்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது: நடுக்காலை நேரே எர்த்தில் சேர்க்காமல் இடையில் மூன்று 1என்4007 டயோடுகளை வரிசையாக வையுங்கள், வெள்ளைக் கோடு எர்த் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு டயோடு சுமார் 0.6 வோல்ட் தூக்கிவிடும், மூன்றும் சேர்ந்து ஐந்தை ஏறத்தாழ ஏழாக்கிவிடும். எழுத்து நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது கால் உள்ளே வருவது, வலது கால் வெளியே போவது. உள்ளே வரும் காலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 0.33 மைக்ரோஃபாரட், வெளியே போகிற பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். 12 வோல்ட் வரும் வழியில் அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, தலைகீழாக மாட்டினாலும் ஐ.சி. தப்பிக்க இன்னொரு 4007. எல்லாம் சேர்த்தாலும் நூறு ரூபாயைத் தொடுவது கஷ்டம்.

எல்.எம்.317 என்ற இன்னொரு ரெகுலேட்டர் ஐ.சி. போட்டுச் செய்கிறவர்களும் உண்டு. 240 ஓம், 1.1 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டால் கணக்குப்படி 6.98 வோல்ட் வரும், டயோடு வித்தையைவிடத் துல்லியம். ஆனால் கால்களின் வரிசை வேறு, 7805 மாதிரி நினைத்து மாட்டினால் போச்சு. முதல் தடவை செய்கிறவருக்கு 7805-ஐத்தான் சொல்வேன்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் படக்கூடாது என்பதற்காக. முதல் முறை செய்தபோது ஐ.சி.யின் முதுகில் இருக்கிற உலோகத் தகட்டை அப்படியே வண்டியின் இரும்பில் திருகிவிட்டேன், சூடு இறங்கட்டும் என்று. டேங்க் நிரம்பி வழிகிறது, முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. மத்தியானத்திலிருந்து பொழுதோட வரைக்கும் டேங்க் மிதவையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் என்னவென்றால் அந்தத் தகடும் நடுக்காலும் உள்ளே ஒன்றுதான். தகடு பாடியைத் தொட்டதும் என் மூன்று டயோடுகளுக்கும் வேலை இல்லாமல் போய், நடுக்கால் நேரே எர்த்தாகிவிட்டது, 7-க்குப் பதில் வெறும் 5 வோல்ட். (317-இல் தகடு வெளியே போகிற காலோடு சேர்ந்தது, அது இரும்பைத் தொட்டால் ஷார்ட், முள் அசையவே அசையாது.) அதனால் தகட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு மைக்கா துண்டு, திருகுக்கு ஒரு பிளாஸ்டிக் புஷ் கட்டாயம்.

மைக்காவுக்கும் ஸ்லீவுக்கும் அலைய வேண்டாம். நம்ம ஊரில் போர் மோட்டார் இல்லாத தோட்டம் ஏது, மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை இல்லாத ஊர் ஏது. அங்கே கேட்டால் சூடு தாங்குகிற ஸ்லீவ், இன்சுலேஷன் பேப்பர், வார்னிஷ் எல்லாம் சும்மாவே கூடக் கொடுப்பார்கள். ஐ.சி.க்குக் கட்டைவிரல் அகல அலுமினியத் துண்டு ஒன்றும் வையுங்கள். 14 வோல்ட்டை 7 ஆக்கும்போது மிச்சம் அத்தனையும் சூடாகத்தான் போக வேண்டும். மீட்டர் 150 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு வாட். கேட்பதற்குச் சின்னது, சித்திரை வெயிலில் நிற்கிற வண்டியின் மீட்டர் டப்பாவுக்குள் சின்னது இல்லை.

டேபிள் மேலேயே பேட்டரி வைத்து 7 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். அப்புறம் சிலிக்கான் ஊற்றி மூடுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் கப்பாசிட்டரின் கால் ஒடிந்துவிடும். புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், அது செம்பை அரிக்கும். வாடை இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். மீட்டர் வேலை செய்கிறதா பார்க்கிறேன் என்று யாராவது நேரே 12 வோல்ட்டைத் தொட வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வோல்ட்டேஜைக் குறைக்கிற எல்.எம்.2596 போர்டு ரெடிமேடாக விற்கிறதே, சூடும் ஆகாதாமே, அதை மாட்டினால் போதாதா?
ஈரோடு வாசகி

பதில்: போதும், ஆனால் அப்படியே மாட்டக்கூடாது. அந்தப் போர்டில் நீல நிறத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும், அதைத் திருப்பித்தான் வோல்ட்டேஜ் வைக்க வேண்டும். வாங்கும்போது அது எதில் நிற்கிறதோ தெரியாது, மீட்டரில் மாட்டுவதற்கு முன்னால் 7-க்குக் கொண்டு வந்துவிடுங்கள். வண்டி அதிர்வில் அந்தத் திருகு நகரும், ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து உறைய விடுங்கள். சூடு குறைவு என்பது உண்மைதான். ஆனால் கால் ஆம்பியர்கூட இழுக்காத மீட்டருக்கு அவ்வளவு பெரிய போர்டு தேவையில்லை என்பது என் எண்ணம். மலிவு போர்டுகளில் போலி ஐ.சி.யும் நிறைய. 7805 செத்தால் கடையில் மறுநாளே கிடைக்கும் அம்மா, அந்தப் போர்டு செத்தால் மறுபடி ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: பழைய அப்பன் காலத்துக் காருக்கும் இதே 7 வோல்ட்தானா?
தாராபுரம் வாசகர்

பதில்: இல்லைங்க. பழைய இங்கிலீஷ் கார்களில் ஸ்மித்ஸ் வகை மீட்டருக்கு 10 வோல்ட். அங்கே பழைய ஸ்டெபிலைசர் உள்ளே தொட்டு விலகித் தொட்டு விலகித்தான் சராசரியாக 10 கொடுக்கும், மல்டிமீட்டர் வைத்தால் எண் குதிக்கும், கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன பல்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள், விட்டுவிட்டு மின்னினால் அது உயிரோடுதான் இருக்கிறது. மாற்றுவதாக இருந்தால் 7805-க்கு 10 வோல்ட் தம்பியான 7810 வேண்டாம். அதற்கு இரண்டு வோல்ட்டுக்கு மேல் மிச்சம் வேண்டும், ஹெட்லைட் போட்டு ஐட்லிங்கில் நிற்கும்போது பற்றாது. மிச்சம் கொஞ்சமாக இருந்தாலும் வேலை செய்கிற எல்.எம்.2940 வரிசையில் 10 வோல்ட் கேளுங்கள், வெளியே போகிற பக்கம் 22 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் மறக்காமல் போடுங்கள்.

கேள்வி: என் வண்டிக்கு 3,200 ரூபாய்க்குப் புது மீட்டர் வாங்கி மாட்டினேன். மூன்றாம் நாளே முள் செத்துவிட்டது. கடையில் 'எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டன் கிடையாது' என்கிறார்கள். பில்லும் தரவில்லை. விட்டுவிட வேண்டியதுதானா?
பல்லடம் வாசகர்

பதில்: விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த இரண்டையுமே முறையற்ற வணிகம் என்றுதான் சொல்கிறது: பில் தராததையும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதையும். பில்லில் கெடு எதுவும் எழுதியிருக்காவிட்டால் 30 நாள் கணக்கு. ஆகையால் நாளைக் கடத்தாமல் வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேளுங்கள், பதில் கையில் இருக்கும். பணம் ஜிபேயில் போயிருந்தால் அந்த ரசீதே பெரிய சாட்சி. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிவு பண்ணுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

ஆனால் போவதற்கு முன்னால் உங்கள் வண்டியின் சார்ஜிங் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். அது 16, 17 போய்க்கொண்டிருந்தால் மீட்டரைக் கொன்றது உங்கள் ஆர்.ஆர். யூனிட், கடைக்காரர் இல்லை. அளவு சரியாக இருந்தால் மல்டிமீட்டரோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.